ஏறக்குறைய தினமும்

தடுப்பூசி போடும் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் அவளை எல்லோரும் ‘ஃபாரம் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தாறு வயது. கல்யாணமும் இல்லை, குழந்தையும் இல்லை. ஆனால் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள், எதற்கெல்லாம் எரிந்து விழுகிறார்கள், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எப்போது அழுகிறார்கள் என்று அவளைவிட அதிகம் தெரிந்தவர் அந்த ஊரில் இருந்திருக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியையிடம் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்தாள். சின்னக் குழந்தைகளின் பெற்றோருக்கு வரும் மனச்சோர்வைப் பற்றிய ஆய்வு. நானூறு பெற்றோர் படிவம் நிரப்பித் தர வேண்டும்.

முதலில் போட்ட திட்டப்படி ஆள் சேர்த்துத் தருவதற்கென்றே இருக்கும் ஒரு நிறுவனம் அந்த நானூறு பேரையும் கொண்டுவந்திருக்கும். ஆய்வுக்கு வரவேண்டிய நிதி பாதியாகக் குறைந்ததும் முதலில் கழன்றுகொண்டது அந்த நிறுவனம்தான்.

“இனி நாமதான் தேடிக்கணும், செலவே இல்லாம” என்றார் பேராசிரியை. “உனக்குத்தான் நாலு பேர்கிட்டப் பேசத் தெரியும். எப்படியாவது பாரு.”

அவள் பார்த்தாள். அடியில் கிழித்துக்கொள்ளத் தொலைபேசி எண் அச்சிட்ட சுவரொட்டிகளை மளிகைக் கடை, மருந்துக் கடை, துணி வெளுக்கும் கடை என்று இருபத்திரண்டு இடங்களில் ஒட்டினாள். மூன்று வாரத்தில் நாலு பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் வாடகைக்கு அறை இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவர், குழந்தையை எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடலாம் என்று கேட்டார். பாலர் பள்ளி வாசலில் போய் நின்றாள். காலையில் அங்கே வருகிறவர்கள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்கள் மாதிரி ஓடினார்கள். ஒரு அப்பா மட்டும் நின்று, சிரித்த முகமாகப் படிவத்தை வாங்கி, நாலாக மடித்து, மகனின் மூக்கைத் துடைத்துவிட்டு, “ரொம்ப தேங்க்ஸ்” என்று போனார். இணையத்தில் ஒரு இணைப்புப் போட்டு, நிரப்புகிறவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் பரிசு என்றாள். மறுநாளே இருநூற்றறுபது படிவங்கள் வந்து குவிந்தன. குதிக்காத குறையாகப் பேராசிரியையிடம் ஓடினாள். அவர் திறந்து பார்த்தார். அத்தனை பேருக்கும் ஏழு குழந்தைகள். ஏழும் ஒரே தேதியில் பிறந்தவை.

கடைசியில் கைகொடுத்தது தடுப்பூசி அறை. ஊசி போட்டபின் அரை மணி நேரம் குழந்தையோடு அங்கேயே உட்கார வேண்டும் என்பது விதி. ஓடவும் முடியாது, செய்வதற்கும் ஒன்றுமில்லை. அங்கிருந்த நர்ஸ் வாய்த்துடுக்குக்காரி, நல்ல மனசு. “ஒரு மூலையில உக்காந்துக்க. குழந்தை வாந்தி எடுத்தா உன் ஃபாரத்துலதான் துடைப்பேன், கோவிச்சுக்கக் கூடாது” என்று ஒரு நாற்காலியும், நிரப்பியதைப் போட ஒரு பெட்டியும் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் முந்நூறு படிவங்கள் சேர்ந்தன.

அதற்குமேல் அங்கே புதுமுகம் வரவில்லை. வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. பெற்றோரைக் கொண்டே பெற்றோரைப் பிடிப்பது. ஒருவரிடம் ஐந்து படிவமும் ஐந்து உறையும் கொடுத்துவிட்டால், அவர் தனக்குத் தெரிந்த ஐந்து பேரிடம் கொடுப்பார். அவர்கள் நிரப்பி, உறையை ஒட்டி, மருத்துவமனைப் பெட்டியில் போட்டுவிடலாம். யார் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிய ஒவ்வொரு படிவத்தின் மூலையிலும் ஒரு எண். மூன்றாமவருக்குக் கொடுத்த இரண்டாவது படிவம் என்றால் 3-2. பேராசிரியைக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

காகிதத்தை மிச்சம் பிடிக்க, ஒரு தாளில் ஒன்றாக இருந்த படிவத்தை ஒரு தாளில் இரண்டாக அவள் சுருக்கினாள். இருபத்துநாலு கேள்விகளும் எப்படியோ அடங்கிவிட்டன. அடியில் இருந்த ஐந்து வரிகள்தான் அடங்கவில்லை. ‘இந்தக் கேள்விகள் உங்களைச் சங்கடப்படுத்தியிருந்தால், உங்களைப் பற்றியோ உங்கள் குழந்தையைப் பற்றியோ உங்களுக்குக் கவலை இருந்தால்’ என்று தொடங்கி ஓர் ஆலோசனை மையத்தின் தொலைபேசி எண்ணோடு முடியும் வரிகள். எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தாள். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. மேலே இருந்த ‘உங்கள் பெயரை எழுத வேண்டாம். நீங்கள் யார் என்பது யாருக்கும் தெரியாது’ என்ற வரிகளை எடுக்க முடியாது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த ஐந்து வரிகளை எடுத்துவிட்டாள். பேராசிரியையிடம் காட்டவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை, அன்று அவர் ஊரில் இல்லை, அச்சகம் ஐந்து மணிக்கு மூடிவிடும், அவ்வளவுதான்.

தங்கையிடமும் ஐந்து படிவங்கள் கொடுத்தாள். தங்கைக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண்குழந்தை. வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். ஏழாவதாகக் கொடுத்ததால் அவளுடைய எண் 7.

*

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அலுவலகத்தில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். 7-3 கைக்கு வந்தது. குழந்தையின் வயது எட்டு மாதம். பெண். முதல் குழந்தை. தூக்கம் மூன்று மணி நேரம். இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போனவை. விரல்கள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போயின. இருபத்திரண்டாம் கேள்விக்கு வந்தாள்.

‘சென்ற ஒரு மாதத்தில், உங்கள் குழந்தைக்கு நீங்களே ஏதாவது செய்துவிடுவீர்களோ என்று பயந்ததுண்டா?’

ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, ஏறக்குறைய தினமும் என்று நாலு கட்டங்கள். முதலில் ‘ஒருபோதும் இல்லை’யில் குறி போட்டு அடித்திருந்தது. பிறகு ‘எப்போதாவது’, அதையும் அடித்திருந்தது. கடைசிக் கட்டத்தில் பேனா அழுந்தி, தாளின் மறுபக்கம் வரை தடம் தெரிந்தது. பக்கத்தில், கேட்காமலேயே, இரண்டு சொற்கள்: ‘குளிக்க வைக்கும்போது.’

தாளின் மேல்பக்கத்தை மறுபடி பார்த்தாள். எட்டு மாதம், பெண், முதல் குழந்தை, 7. கையெழுத்தை உற்றுப் பார்த்தாள். தங்கையின் கையெழுத்தைப் பார்த்துப் பத்து வருஷம் இருக்கும். இப்போது யார் எழுதுகிறார்கள், எல்லாம் போனில்தான். அந்த ‘ள’ தங்கையுடையது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

எழுந்து பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

“மேடம், ஒரு ஃபாரம் கொஞ்சம் பயமா இருக்கு” என்று தாளை நீட்டினாள். எண் இருந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

பேராசிரியை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “பாவம்” என்றார். “இந்த மாதிரி வரும்னு எதிர்பார்த்ததுதான். இதுக்காகத்தானே இந்தக் கேள்வியே வெச்சிருக்கோம்.”

“நாம எதுவும் செய்ய முடியாதா?”

“யாருன்னு தெரியாதே. தெரிஞ்சாலும் போய்க் கதவைத் தட்ட முடியாது. வாக்குக் கொடுத்திருக்கோம். ஆய்வுக்கு அனுமதி குடுத்த நெறிமுறைக் குழு அதுக்காகத்தான் கீழ அந்த ஆலோசனை நம்பரைப் போடச் சொன்னாங்க. இதை எழுதின கையோட அந்த அம்மா அந்த நம்பரையும் பார்த்திருப்பாங்க. கூப்பிடுவாங்கன்னு நம்புவோம்.”

முழுப் படிவம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. கடைசி இரண்டு கேள்விகள் தாளின் மறுபக்கம் இருந்தன; திருப்பிப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. இப்போது சொல்லிவிட வேண்டும். ‘மேடம், அந்த நம்பரை நான் எடுத்துட்டேன்.’ வாய்வரை வந்தது. மூன்று வருஷமாக ஒப்பந்தத்தில் ஓடுகிற வேலை. அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போடப்போகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

“சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

*

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகாமல் நேராகத் தங்கையின் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். நாலு மாடிக் குடியிருப்பு; தங்கை மூன்றாம் மாடி. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

தங்கை சின்னத் தொட்டியில் குழந்தையை உட்கார வைத்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை தண்ணீரை அறைந்து அறைந்து சிரித்தது.

“என்னக்கா இது, காலங்காத்தால? அம்மாவுக்கு ஏதாவதா?” தங்கை பதறிவிட்டாள்.

“இல்ல இல்ல. நகரு, நான் குளிக்க வைக்கிறேன்.”

“செருப்போடயா?”

செருப்பை உதறிவிட்டு வந்து குழந்தையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். தங்கை ஒன்றும் புரியாமல் கதவோரம் சாய்ந்து நின்றாள்.

“நீ நல்லாத் தூங்குறியா?” அவள் திரும்பாமல் கேட்டாள்.

“எட்டு மாசக் குழந்தையை வெச்சுக்கிட்டு எவ தூங்குறா?”

“இவளைக் குளிக்க வைக்கறப்ப… உனக்குப் பயமா இருக்கா?”

“என்ன பயம்?”

“சும்மா கேக்கறேன்.”

“நீ சும்மா கேக்கற ஆளா? அக்கா, என்னைப் பாரு. என்ன விஷயம்?”

அவளுக்குப் பொய் வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். “அந்த ஃபாரத்துல நீ எழுதினதைப் பாத்தேன்” என்றாள். “என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமேடி.”

தங்கை வந்து குழாயை மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “நான் எங்க எழுதினேன்? எனக்கு ஏது நேரம்? நீ குடுத்த அஞ்சையும் அஞ்சு பேருக்குக் குடுத்துட்டேன். என்ன எழுதியிருந்துச்சு?”

அந்த நொடியில் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முதலில் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது உண்மைதான், தங்கை இல்லை. அடுத்த மூச்சில் அதைவிடப் பெரிய பாரம் ஏறியது.

“ஒண்ணுமில்ல. விடு.”

“குளிக்க வைக்கறப்ப பயமான்னு கேட்ட. எனக்கு இருக்கான்னு கேட்ட. அப்ப, குழந்தை வயசு எங்க பாப்பா வயசுதானே?” தங்கை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். “பார்க்குல வர்ற ரெண்டு பேர், அவங்களுக்கு மூணு வயசுப் பசங்க. ஆபீஸ்ல ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளைங்க. எதிர் வீட்டுல ரெண்டு வயசுப் பையன். அப்புறம்…”

நிறுத்திவிட்டாள்.

“கீழ்வீடு” என்றாள். “அவளுக்கும் எனக்கும் பன்னிரண்டு நாள்தான் வித்தியாசம்.”

“சொல்லாதே. எனக்கு யாருன்னு தெரியக் கூடாது.”

“இப்பத் தெரிஞ்சிடுச்சே!” தங்கை குழந்தையைத் துண்டில் சுருட்டி அவள் கையில் திணித்தாள். “அவ நாள் பூரா தனியா இருக்கா அக்கா. அவ புருஷன் வேன் ஓட்டறார், விடியறதுக்கு முன்ன போனா விளக்கு வெச்சப்புறம்தான் வருவார். ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.”

“போகாதே. யாருக்கும் தெரியாதுன்னு சொல்லித்தான் அந்தப் பேப்பரைக் குடுத்திருக்கோம்.”

“தெரிஞ்சுக்கிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்றியா? நாளைக்கு ஏதாவது ஆனா நீ பதில் சொல்வியா?”

தங்கை படிகளில் இறங்க, அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தோளில் அலுவலகப் பையோடு பின்னாலேயே இறங்கினாள். பாதிப் படியில் நின்றாள்.

கீழ்வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தலையை இறுக்கி முடிந்திருந்தாள். இடுப்பில் குழந்தை, கொழுகொழுவென்று. அம்மாவின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கூடத்துத் தரை பளிச்சென்று துடைத்திருந்தது. கொடியில் குட்டிச் சட்டைகள் அளவு வாரியாகக் காய்ந்தன.

“என்னக்கா, சர்க்கரை வேணுமா?”

தங்கைக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. “இல்லம்மா. நீ நல்லா இருக்கியா? ஏதாவது கஷ்டமா இருந்தா சொல்லு. நான் வேணா தினமும் வந்து பாப்பாவைக் குளிக்க வைக்கிறேன்.”

கீழ்வீட்டுப் பெண்ணின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. கண் மட்டும் தங்கையைத் தாண்டி மேலே வந்தது. படியில் நிற்கும் புது ஆளைப் பார்த்தது. தோளில் தொங்கிய பையைப் பார்த்தது. அந்தப் பையில் பல்கலைக்கழகத்தின் பெயரும், அதே முத்திரையும் அச்சிட்டிருந்தன. படிவத்தின் தலைப்பில் இருந்த முத்திரை.

“எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லக்கா” என்றாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

*

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தங்கைக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் தன் கணவனிடம் சொன்னாள். அவர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, வேன் நிறுத்தும் இடத்தில் கீழ்வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்டுல கொஞ்சம் கவனிச்சுக்குங்க” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த மனுஷன் வெலவெலத்துப் போய்த் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். மறுநாள் மதியத்துக்குள் மாமியார் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பெட்டியில் குட்டிச் சட்டைகளை அடுக்கிக் கொடுத்தது அந்தப் பெண்தானாம். அழவில்லையாம். சத்தம் போடவில்லையாம். போனில் இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தங்கைதான் அழுதாள்.

“உன்னாலதான்” என்றாள். “இல்ல, என்னாலதான். எனக்குத் தெரியல. நீ ஏன்க்கா அன்னிக்கு வந்தே?”

*

வெள்ளிக்கிழமை காலை கீழ்வீட்டுப் பெண் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். உறையில் முகவரி இருந்தது. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். வாசல் காவலாளி மேலே போன் செய்து, “ஃபாரம் குடுத்தவங்களைப் பாக்கணும்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. பேர் சொல்ல மாட்டேங்கறாங்க” என்றார்.

உள்ளே வந்தவள் உட்காரவில்லை. மேசையின் அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னாள்: “என் பேப்பர் வேணும்.”

“உக்காருங்கம்மா.”

“எப்ப வேணா விலகிக்கலாம், காரணம் சொல்ல வேணாம்னு அதுல எழுதியிருந்துச்சு. நான் விலகிக்கறேன். என் பேப்பரைக் குடுங்க.”

ஃபாரம் அக்கா அலமாரியைத் திறந்து ஏழாம் எண் கோப்பை எடுத்தாள். 7-3 தாளை உருவிக் கொடுத்தாள். பிறகு கணினித் திரையைத் திருப்பிக் காட்டி, அந்த வரிசையை அவள் கண்ணெதிரே அழித்தாள். “இனி எங்கயும் இல்ல” என்றாள்.

“எங்கயும் இல்லையா?” அந்தப் பெண் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “கட்டடம் பூரா இருக்கு. நான் படி இறங்கினா கதவு திறக்குது. எல்லாரும் என் கையைப் பாக்கறாங்க.”

“என்னை மன்னிச்சிடுங்க. நான் என் தங்கச்சின்னு நினைச்சுட்டேன். என் தங்கச்சி எழுதினதுன்னு பயந்து…”

“நான் என் புருஷன்கிட்டச் சொல்லல. எங்கம்மாகிட்டச் சொல்லல. டாக்டர்கிட்டச் சொன்னா குழந்தையைப் பிடுங்கிடுவாங்கன்னு பயம். ஒரு காகிதத்துகிட்டச் சொன்னேன். பேரு வேணாம்னு போட்டிருந்தீங்க. இல்லைன்னு எழுதினேன், அடிச்சேன், மறுபடி எழுதினேன், அடிச்சேன். உண்மையை எழுதினப்புறம் அன்னிக்கு மதியம் நான் தூங்கினேன் தெரியுமா? ரெண்டு மணி நேரம். யாரோ ஒருத்தர் இப்படிக் கேக்கறாங்கன்னா, இப்படி வேற யாருக்கோ இருக்கும்போலன்னு நினைச்சுக்கிட்டுத் தூங்கினேன்.”

ஃபாரம் அக்கா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“நான் அவளை அடிச்சதுகூடக் கிடையாது” அந்தப் பெண்ணின் குரல் தாழ்ந்துவிட்டது. “தண்ணியில வெச்சதும் ஒரு படம் மாதிரி வரும். கையை விட்டுட்டா என்ன ஆகும்னு. நான் விட மாட்டேன். ஆனா அந்தப் படம் வரும். அதனால இறுக்கிப் பிடிச்சுக்குவேன். அவ கையில என் விரல் பதிஞ்சிருக்கும். குளிக்க வெச்சு முடிச்சதும் நான் போய் வாந்தி எடுப்பேன். அம்மாக்காரிக்கு இப்படியெல்லாம் வருமா? நான் என்ன பிறவி?”

“வரும்” என்றாள் ஃபாரம் அக்கா.

“சும்மா சொல்லாதீங்க.”

“சும்மா சொல்லல. பேரெல்லாம் எனக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்.” அப்படிச் சொன்னபோது வெட்கத்தில் அவள் முகம் சுட்டது. “இதுவரை முந்நூத்து நாப்பது பேர் எழுதியிருக்காங்க. அந்தக் கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ன்னு போடாதவங்க முப்பத்தோரு பேர். அதுல ஆறு அப்பாக்கள்.”

“முப்பத்தோரு பேரா?”

“உங்களைச் சேர்க்காம.”

அந்தப் பெண் நாற்காலியைப் பின்னாலிருந்து தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். தாளை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அதை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். வெளியே பக்கத்து அறையில் யாரோ நகல் எடுக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும்வரை அழுதாள்.

“இதுக்கு வைத்தியம் இருக்கும்மா” என்றாள் ஃபாரம் அக்கா. “தடுப்பூசி போடற ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்க இருக்காங்க. இந்தப் பிரச்சனைக்குன்னே ஒரு டாக்டர் அங்க வர்றாங்க. இதுக்குன்னே இருக்கற ஒரு ஆலோசனை மையத்தோட நம்பர் உங்க பேப்பர்லயே இருந்திருக்கணும். இல்லாமப் போனதுக்கும் நான்தான் காரணம்.”

“என்ன நம்பர்?”

அவள் சொன்னாள். ஐந்து வரிகளை எடுத்ததை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்தப் பெண்ணிடம்தான். அந்தப் பெண் தாளைத் திருப்பி, கடைசிக் கேள்விக்குக் கீழே எதுவும் இல்லாமல் வெட்டப்பட்டிருந்த விளிம்பைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“நீங்க கூட வருவீங்களா?” என்று மட்டும் கேட்டாள். “தனியாப் போனா வாசல்லேயே திரும்பிடுவேன்.”

அன்றைக்கே போனார்கள். விஷயத்தைக் கேட்ட நர்ஸ், ஃபாரம் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். அந்த மூலை நாற்காலி இனி அவளுக்கு இல்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பிறகு அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப்போனாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் கையில் மருந்துச் சீட்டு இருந்தது. “அதுக்கு ஒரு பேரே இருக்காம்” என்றாள். “என் பேரு இல்ல. அந்த நோய்க்கு ஒரு பேரு.”

*

திங்கட்கிழமை அவள் பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து வரிகள், எண், தங்கை, படிக்கட்டு, ஒன்றுவிடாமல்.

பேராசிரியை ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கு இந்த அறைக்கு வந்தப்ப நம்பரை எடுத்ததைச் சொல்லியிருந்தா” என்றார், “அந்த வழியில ஃபாரம் போன எல்லாருக்கும், குடுத்தவங்க மூலமாவே ஒரு சின்னச் சீட்டு அனுப்பியிருப்போம். தவறுதலா விட்டுப்போச்சுன்னு. யாரையும் தனியாக் கை காட்டியிருக்க வேண்டாம். அந்தப் பொண்ணு கதவுக்கு ஒரு சீட்டு வந்திருக்கும், அவ்வளவுதான்.”

அந்த எளிய வழி அவளுக்குத் தோன்றவே இல்லை. பயந்தவள் மூளைக்கு எது எட்டும்?

“தப்பு உன்மேல மட்டும் இல்ல” என்றார் பேராசிரியை பிறகு. “மூலையில அந்த எண்ணைப் போட நான்தான் ஒத்துக்கிட்டேன். அஞ்சு அஞ்சு பேரா பிரிச்சா யாருன்னு கண்டுபிடிச்சிடலாம்னு எனக்குத் தோணியிருக்கணும். வழி சுலபமா இருந்துச்சு, அதனால யோசிக்கல.”

நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் போயிற்று. அந்த வழியில் ஆள் சேர்ப்பது நின்றது. தொலைபேசி எண் அச்சிட்ட சீட்டுகள் எல்லோருக்கும் போயின. எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது என்று குழு சொல்லிவிட்டது. ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு மட்டும் நீண்டது. இனி அவள் பெற்றோரைச் சந்திக்கக் கூடாது. உள்ளே உட்கார்ந்து எண்களைச் சரிபார்க்க மட்டும் செய்யலாம். அவள் மறுத்துப் பேசவில்லை.

அந்தக் குழந்தை திரும்பி வர ஐந்து வாரம் ஆயிற்று. டாக்டர் கணவனையும் மாமியாரையும் வரவழைத்து, இரண்டு முறை உட்கார வைத்துப் பேசினார். கணவன் முதல் நாள் வாயே திறக்கவில்லையாம். இரண்டாம் நாள், “குழந்தைகிட்டப் போக எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, அதான் சீக்கிரம் வீட்டுக்கு வர மாட்டேன்” என்றாராம். மாமியார் குழந்தையோடு வந்து ஒரு மாதம் கூடவே தங்கினார். குளிக்க வைக்கும் வேளையில் மட்டும் தங்கை கீழே போய் உதவினாள். முதலில் தங்கையே குளிக்க வைத்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு வாசலில் நின்றாள்.

ஃபாரம் அக்காவுக்கு அந்தப் பெண் ஒரு செய்தி மட்டும் தங்கை மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். “உங்கக்கா மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இங்க வர வேணாம்னு சொல்லுங்க. அவங்களைப் பாத்தா எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வருது.” அதனால் அவள் தங்கையையும் குழந்தையையும் பார்க்க வேண்டுமென்றால் பார்க்கில்தான் பார்த்தாள். தங்கையும் முன்போல வாயடிப்பதில்லை. பேச்சு நடுநடுவே அறுந்துபோகும். இருவரும் ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் மதியம், அவள் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள்.

“கீழ்வீட்டுக் குட்டி இன்னிக்கு நடந்துட்டா” என்றாள். “நாலு அடி. அவ அம்மாகிட்டப் போய்த்தான் விழுந்தா.”

“அப்படியா” என்றாள் அவள். “அவங்க… எப்படி இருக்காங்க?”

“தூங்குறா. முழுசா இல்ல, தூங்குறா. ஒருசில நாள் இன்னும் அந்தப் படம் வருதாம். வந்தா என்னைக் கூப்பிடறா.” தங்கை குரலைத் தணித்தாள். “நான் உன்கிட்டச் சொன்னேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்.”

“தெரியாது.”

“சரி, வெச்சுடறேன். அடுப்புல பால் இருக்கு.”

அவள் போனை வைத்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்து மேசைக்காரி நிமிர்ந்து, “என்ன, நல்ல சேதியா?” என்று கேட்டாள்.

“வீட்டு விஷயம்” என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த வரிசைக்குப் போனாள்.